நோயாளிகளின் ஆசான் எலியட் ஜாஸ்லின்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

நோய்க்கு மருந்து கண்டவர்களை உலகம் போற்றுகிறது. அது முறையே. ஆனால் மருந்து கிடைத்த பின்னும் அந்த நோயோடு நாள்தோறும் வாழ வேண்டியவர்களுக்கு, வாழும் வழியைக் கற்றுக் கொடுத்தவர்களை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. இன்சுலின் என்றதும் பாண்டிங், பெஸ்ட் என்னும் இரு பெயர்கள் நம் நாவில் வருகின்றன. அந்த இன்சுலினை ஒரு பத்து வயதுச் சிறுமி தன் கையாலேயே அளந்து, தனக்குத் தானே ஊசி போட்டுக்கொண்டு, பள்ளிக்கும் சென்று, மற்றப் பிள்ளைகளோடு ஓடி விளையாடவும் முடியும் என்று செய்து காட்டிய ஒருவரைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம். அவரே அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் வாழ்ந்த மருத்துவ மேதை எலியட் பிராக்டர் ஜாஸ்லின்.

மருத்துவத்திற்கு நான்கு கூறுகள் உண்டு என்று திருவள்ளுவர் வகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என்பவை அவை. இந்த நான்கையும் அளவுகோலாக வைத்துக்கொண்டால் ஜாஸ்லினின் பெருமை எளிதில் விளங்கும். நோயுற்றவனையே அவர் பாதி மருத்துவன் ஆக்கினார். உடனிருந்து உதவுபவன் என்னும் இடத்தில், அதே நோயுற்ற பிள்ளைகளை ஒருவருக்கொருவர் துணையாக நிறுத்தினார். அவர் வாழ்க்கையின் சாரம் இதுவே எனலாம்.

பிறப்பும் கல்வியும்

ஜாஸ்லின் 1869ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6ஆம் நாள், மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஆக்ஸ்போர்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். பல்கலைக்கழகத்தால் புகழ்பெற்ற இங்கிலாந்து ஆக்ஸ்போர்டு வேறு; இது வேறு. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை 1881இல் நிறுவிய கிளாரா பார்ட்டன் அம்மையார் பிறந்ததும் இந்தச் சிற்றூரில்தான். இந்த ஒற்றுமை பின்னால் நம் கதைக்குப் பெரிதும் பயன்படப் போகிறது.

ஜாஸ்லினின் தந்தையார் காலணித் தொழிற்சாலை நடத்திய செல்வர். வறுமையோடு போராடிப் படிக்கும் நிலை ஜாஸ்லினுக்கு ஏற்படவில்லை. ஆனால் செல்வம் இருந்தும் அவர் சோம்பி இருந்ததில்லை. விடியலில் எழுவதும், இரவு வரை உழைப்பதும், செய்த ஒவ்வொன்றையும் எழுதி வைப்பதும் இளமையிலேயே அவருக்குப் பழக்கமாயின. யேல் கல்லூரியில் 1890இல் பட்டம் பெற்று, 1895இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டமும் பெற்றார். பின்னர் ஐரோப்பா சென்று, நீரிழிவு ஆராய்ச்சியில் அக்காலத்தில் பெயர் பெற்றிருந்த நானின் என்னும் ஜெர்மானியப் பேராசிரியரிடமும் பயின்றார்.

பேரேட்டில் ஏறிய தாய்

அவர் மருத்துவ மாணவராக இருந்தபோதே, 1893இல், நீரிழிவால் மெலிந்து வந்த ஓர் இளம்பெண்ணைக் கண்டார். அவளுடைய எடை, உணவு, சிறுநீரில் இறங்கிய சர்க்கரையின் அளவு ஆகியவற்றை ஒரு பேரேட்டில் குறித்து வைத்தார். அன்று தொடங்கிய பேரேடு அவர் ஆயுள் முழுதும் வளர்ந்தது. கடைக்காரர் வரவு செலவு எழுதுவது போல, ஒவ்வொரு நோயாளியின் உயிர்க்கணக்கையும் அவர் எழுதினார். ஒருவர் இறந்தால் எதனால் இறந்தார், எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்பதையும் விடாமல் விசாரித்துச் சேர்த்தார்.

அந்தப் பேரேட்டில் அவரைப் பெற்ற தாயின் பெயரும் ஒருநாள் ஏறிற்று. 1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அவருடைய அன்னைக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இன்சுலின் என்ற சொல்லே வழக்கில் இல்லாத காலம் அது. மகன் உணவை வகுத்துக் கொடுத்தார். தாய் அதைத் தவறாமல் கடைப்பிடித்தார். பத்தாண்டுகளுக்கும் மேலாக அவர் உயிர் வாழ்ந்து, 1913இல் மறைந்தார். இந்த அனுபவம் ஜாஸ்லினுக்கு இரண்டு உண்மைகளை உணர்த்தியது. நோயைப் பற்றித் தெரிந்தவர் நெடுநாள் வாழ்கிறார் என்பது ஒன்று. மருத்துவர் வாரத்தில் ஒரு மணி நேரமே நோயாளியுடன் இருக்கிறார், மற்ற நேரமெல்லாம் நோயாளியே தமக்கு மருத்துவர் என்பது மற்றொன்று.

1916ஆம் ஆண்டு, தாம் பார்த்த ஆயிரம் நோயாளிகளின் கணக்கை அடிப்படையாகக் கொண்டு நீரிழிவு மருத்துவம் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அது மருத்துவர்களுக்கு உரியது. இரண்டே ஆண்டுகளில், 1918இல், நோயாளிகளும் படித்துப் புரிந்துகொள்ளத்தக்க கைந்நூல் ஒன்றையும் எழுதினார். மருத்துவ அறிவு மருத்துவருக்கு மட்டுமே உரியது என்று எண்ணப்பட்ட காலத்தில் இது ஒரு புரட்சி!

பட்டினியே மருந்தான காலம்

இங்கே நோயைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். நம் வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்னும் சுரப்பி இருக்கிறது. அதனுள் தீவுகளைப் போலச் சிதறிக் கிடக்கும் செல் கூட்டங்களுக்கு லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று பெயர். இத்திட்டுகளில் உள்ள பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. இரத்தத்தில் உள்ள சர்க்கரை உடலின் செல்களுக்குள் நுழைய வேண்டுமானால் இன்சுலின் என்னும் திறவுகோல் வேண்டும். வயது வந்தோரிடம் நாம் பெரும்பாலும் காணும் சர்க்கரை நோயில் திறவுகோல் இருந்தும் பூட்டு எளிதில் திறப்பதில்லை. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வரும் முதல் வகை நீரிழிவில் திறவுகோலே இல்லாமற் போகிறது. உடலின் காப்புப் படையே வழி தவறித் தன் பீட்டா செல்களை அழித்துவிடுவதால் இது நேர்கிறது. இனிப்பை அதிகம் தின்றதால் குழந்தைக்கு இந்நோய் வந்தது என்று சொல்வது அறியாமை. பெற்றோர் மீதோ பிள்ளை மீதோ இதில் குற்றமில்லை.

இன்சுலின் கிடைப்பதற்கு முன் இந்நோய் கண்ட குழந்தை ஓரிரு ஆண்டுகளில் இறந்துவிடும். எவ்வளவு உண்டாலும் உடம்பு இளைக்கும். எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்காது. கடைசியில் மூச்சு வாங்கி, நினைவு இழந்து உயிர் பிரியும். அந்நாளில் நியூயார்க்கில் பிரடெரிக் ஆலன் என்னும் மருத்துவர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். உணவை மிகவும் குறைத்து, ஏறக்குறையப் பட்டினியாகவே நோயாளியை வைத்தால் சாவைச் சிறிது காலம் தள்ளிப்போடலாம் என்பதே அம்முறை. வேறு வழியின்றி ஜாஸ்லினும் அதைக் கைக்கொண்டார். பசியால் அழும் குழந்தைக்கு உணவை மறுப்பதே மருத்துவம்! எலும்பும் தோலுமாகப் படுத்திருந்த பிள்ளைகளின் கட்டிலருகே எத்தனை இரவுகள் அவர் நின்றிருப்பார் என்று எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. ஆனாலும் அவர் நம்பிக்கையை விடவில்லை. ஒரு நாள் அதிகம் வாழ்ந்தால், அந்த நாளில் மருந்து வந்துவிடாதா என்பதே அவர் எண்ணம்.

இன்சுலின் வந்தது

அந்த நாள் வந்தது. 1921ஆம் ஆண்டு கனடா நாட்டின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பாண்டிங், பெஸ்ட் இருவரும் நாய்களின் கணையத்திலிருந்து சாற்றைப் பிரித்தெடுத்துச் சோதித்தனர். பேராசிரியர் மெக்லியாட் ஆய்வுக்கூடம் அளித்தார். காலிப் என்னும் வேதியியலார் சாற்றைத் தூய்மை செய்தார். 1922 ஜனவரியில் டொராண்டோ பொது மருத்துவமனையில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. மறு ஆண்டே பாண்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பாஸ்டனில் ஜாஸ்லினின் கைக்கு இன்சுலின் வந்து சேர்ந்த நாள் 1922 ஆகஸ்டு 7. நெடுநாள் பட்டினி மருத்துவத்தால் அறையை விட்டு வெளியே வரவும் வலுவின்றிக் கிடந்த ஒரு செவிலியருக்கு அன்று அவர் முதல் ஊசியைப் போட்டார். சில வாரங்களில் அந்தப் பெண்மணி எழுந்து நடந்தார். அதன் பின் இருபது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். உலர்ந்த எலும்புகள் உயிர் பெற்றெழுந்ததாக விவிலியத்தில் எசேக்கியேல் கண்ட காட்சியை அந்நாட்கள் தமக்கு நினைவூட்டியதாக ஜாஸ்லின் பின்னாளில் எழுதினார்.

மற்ற மருத்துவர் பலர் இத்துடன் வேலை முடிந்தது என்று மகிழ்ந்தனர். ஜாஸ்லினோ இனிமேல்தான் வேலை தொடங்குகிறது என்று உணர்ந்தார். ஏன்? இன்சுலின் நோயைத் தீர்க்கவில்லை. நோயோடு வாழ வைத்தது. ஊசியை ஒரு நாளும் நிறுத்த முடியாது. அளவு குறைந்தால் சர்க்கரை ஏறும். அளவு கூடினாலும், ஊசி போட்டபின் உண்ணாவிட்டாலும், வழக்கத்தை விட அதிகமாக ஓடி ஆடினாலும் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடும். உடல் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், மயக்கம் வரும். அந்த நிமிடத்தில் சிறிது சர்க்கரையோ பழச்சாறோ வாயில் போகாவிட்டால் உயிருக்கே ஆபத்து. இந்தக் கத்தி முனை நடையை ஒரு பள்ளிப் பிள்ளை ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டும். அதற்குக் கல்வி வேண்டாமா?

வகுப்பறையான மருத்துவமனை

ஜாஸ்லின் தம் மருத்துவமனையையே பள்ளிக்கூடம் ஆக்கினார். பாஸ்டன் டீக்கனஸ் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு வகுப்புகள் நடந்தன. உணவை எடை போடுவது எப்படி, ஊசியைக் கொதிக்க வைப்பது எப்படி, கால் விரல்களைப் பேணுவது எப்படி என்று அங்கே கற்பித்தனர். பயிற்சி பெற்ற செவிலியர்களை நோயாளிகளின் வீடுகளுக்கே அனுப்பினார். ஊர் ஊராகச் சென்றதால் அவர்களுக்குச் சுற்றும் செவிலியர் என்று பெயர். அவர்கள் அடுக்களையில் நின்று தாய்க்குச் சமையலைக் காட்டிக் கொடுத்தனர். பிள்ளையின் கையில் ஊசியைக் கொடுத்துப் பழக்கினர். 1924இல் பிரிசில்லா ஒயிட் என்னும் பெண் மருத்துவர் ஜாஸ்லினோடு சேர்ந்தார். குழந்தைகளின் நீரிழிவைத் தம் தனித்துறையாகக் கொண்டு, வாழ்நாள் முழுதும் அவர் அப்பணியை ஆற்றினார்.

உணவு, இன்சுலின், உடற்பயிற்சி என்னும் மூன்று குதிரைகள் பூட்டிய தேர் என்று இந்நோயின் மருத்துவத்தை ஜாஸ்லின் உருவகம் செய்வார். மூன்றும் சேர்ந்து ஓடினால்தான் தேர் நேரே செல்லும். கடிவாளம் யார் கையில்? நோயாளியின் கையில்!

நம் வேதியியல் ஆய்வகத்தில் பெனடிக்ட் கரைசலைக் கொண்டு சர்க்கரையைச் சோதித்திருக்கிறோம் அல்லவா? சூடாக்கினால் நீல நிறம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறம் வரை மாறும். நமக்கு அது மதிப்பெண்ணுக்குரிய ஒரு செய்முறை. அந்நாளைய நீரிழிவுப் பிள்ளைகளுக்கோ அது அன்றாட வாழ்க்கை. தம் சிறுநீரைத் தாமே சோதனைக் குழாயில் ஊற்றிக் காய்ச்சி, நிறம் பார்த்துக் கணக்கில் எழுதினார்கள். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்க்கும் சிறு கருவிகள் வீடுகளுக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பு, இந்த ஒரு குழாயே அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தது.

ஆக்ஸ்போர்டு முகாம்

எவ்வளவு கற்பித்தும் ஒரு குறை இருந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிள்ளை தன் ஊரில், தன் பள்ளியில் தனி ஆளாக நின்றது. அதன் தெருவில் வேறு யாரும் ஊசி போட்டுக்கொள்வதில்லை. வேறு யாரும் ரொட்டித் துண்டைத் தராசில் வைத்துப் பார்ப்பதில்லை. பிறந்தநாள் விருந்தில் எல்லோரும் இனிப்பு உண்ணும்போது அது மட்டும் ஒதுங்கி நிற்க வேண்டும். மருத்துவர் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் அவர் பெரியவர், அந்நோய் இல்லாதவர். தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளையைக் கண்ணால் பார்த்தாலன்றி, இவ்வுலகில் நான் ஒருத்தி மட்டுமே இப்படி என்னும் எண்ணம் அக்குழந்தையை விட்டுப் போகாது.

இதற்கு மருந்தாகத் தோன்றியவையே நீரிழிவுப் பிள்ளைகளின் கோடை முகாம்கள். 1925இல் மிச்சிகன் மாநிலத்தில் லியோனார்ட் வெண்ட் என்னும் மருத்துவர் இத்தகைய முகாமுக்கு வழிகாட்டினார். மாசாசூசெட்சில் ஜாஸ்லினின் முயற்சியால் 1932இல் பெண் குழந்தைகளுக்கான முகாம் உருவாயிற்று. அது எங்கே அமைந்தது தெரியுமா? ஜாஸ்லினின் சொந்த ஊராகிய ஆக்ஸ்போர்டில், கிளாரா பார்ட்டன் அம்மையார் பிறந்த வீட்டை ஒட்டிய நிலத்தில்! யூனிவர்சலிஸ்ட் என்னும் கிறித்துவப் பிரிவைச் சேர்ந்த பெண்கள் அந்த வீட்டை நினைவில்லமாகக் காத்து வந்தனர். போர்க்களத்தில் காயம்பட்டோருக்கு உதவிய அம்மையாரின் நினைவைப் போற்ற, நோயுற்ற பிள்ளைகளுக்கு உதவுவதை விடச் சிறந்த வழி வேறென்ன? ஆண் பிள்ளைகளுக்கான முகாம் 1948இல், அருகில் உள்ள சார்ல்டன் என்னும் ஊரில், ஜாஸ்லினின் பெயராலேயே அமைந்தது.

முகாமின் சிறப்பு எதில் இருந்தது? மற்ற முகாம்களில் உள்ள நீச்சலும் நடைப்பயணமும் ஆட்டமும் பாட்டும் அங்கேயும் இருந்தன. மருத்துவரும் செவிலியரும் உடனிருந்தனர். ஆனால் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. காலையில் எழுந்ததும் எல்லோரும் சோதனைக் குழாயோடு நின்றார்கள். எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டார்கள். எல்லோர் தட்டிலும் அளந்த உணவே இருந்தது. வீட்டில் எது அவளை மற்றவரிடமிருந்து பிரித்ததோ, அதுவே இங்கே எல்லோருக்கும் பொதுவாயிற்று! ஊசி இல்லாதவரே அங்கே வேற்றாள்.

ஊசிக்கு அஞ்சி, தாய் போட்டால்தான் என்று அடம் பிடித்த சிறுமி, தன் வயதுடைய இன்னொருத்தி சிரித்தபடியே போட்டுக்கொள்வதைப் பார்க்கிறாள். பத்து நாள் அறிவுரை செய்யாததை அந்த ஒரு காட்சி செய்துவிடுகிறது. ஆட்டத்தின் நடுவே ஒருத்தி முகம் வெளுத்து வியர்த்தால், பக்கத்தில் நிற்பவளுக்குப் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. தனக்கே நேர்ந்ததுதானே! ஓடிப்போய்ச் சர்க்கரை எடுத்து வருகிறாள். சோதனைக் குழாய் செங்கல் நிறம் காட்டினால் வீட்டில் குற்றவாளியைப் போலத் தலை குனிய வேண்டியிருந்தது. இங்கே இன்று இவளுக்குச் சிவந்தது, நாளை அவளுக்குச் சிவக்கும். நிறம் என்பது குற்றப் பத்திரிகை ஆகாது, அடுத்த ஊசிக்கு வழி சொல்லும் குறிப்பு மட்டுமே என்று பிள்ளைகள் தாமாகவே உணர்ந்தார்கள். முகாமில் வளர்ந்த பெண்கள் சிலர் பின்னாளில் அங்கேயே வழிகாட்டிகளாகத் திரும்பி வந்தனர். இருபது வயதுப் பெண்ணொருத்தி நலமாக நின்று நீச்சல் கற்றுக் கொடுப்பதைக் காணும் எட்டு வயதுக் குழந்தைக்கு, நானும் இருபது வயது வரை வாழ்வேன் என்று வேறு யாரும் சொல்ல வேண்டுமா?

தனிமை என்னும் இரண்டாம் நோய்

ஜாஸ்லின் கண்ட இந்த உண்மை அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. என் சித்தியின் மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். மூன்று ஆண்டுகளாக அவளுக்கு இந்நோய். வீட்டில் குளிர்பதனப் பெட்டி கிடையாது. மண்பானைக்குள் ஈர மணல் இட்டு, அதன் நடுவே சிறு டப்பாவில் இன்சுலின் புட்டியை வைத்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத சித்தி, ஊசிக் குழாயின் கோடுகளை எண்ணக் கற்றுக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரிக்கு வந்தவன் என்று என்னைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் நான் பாடத்தில் படித்த கணையத்தை வாழ்க்கையில் படித்தவர் என் சித்திதான். அவ்வளவு செய்தும், அந்தப் பெண் பள்ளியில் தன் நோயை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஒட்டிக்கொள்ளும் என்று விலகுவார்களோ, நாளை கல்யாணத்துக்குத் தடையாகுமோ என்று வீட்டிலும் அஞ்சினார்கள். ஒருநாள் விளையாட்டு வகுப்பில் அவளுக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வந்தது. வெயிலில் வந்த மயக்கம் என்று எண்ணி எல்லோரும் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அவளே எப்படியோ வாய் திறந்து சர்க்கரை கேட்டதால் பிழைத்தாள். அன்று முதல் அவளுடைய தோழி ஒருத்தி தன் ஜாமெட்ரி பாக்ஸில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றை வைத்திருக்கிறாள். அந்தத் தோழிக்கு நோய் இல்லை. ஆனால் விவரம் தெரியும். அதுவே போதுமானதாக இருக்கிறது.

மயக்கம் வந்தவருக்கு நினைவு இருந்து விழுங்க முடிந்தால் மட்டுமே வாய்வழியாக இனிப்புக் கொடுக்க வேண்டும் என்பதையும், நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்பதையும் நாம் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று.

எதிர்ப்பும் வெற்றியும்

ஜாஸ்லின் கண்டிப்பு மிகுந்தவர். சர்க்கரையை எப்போதும் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பதில் அவர் இம்மியும் விட்டுக் கொடுத்ததில்லை. இன்சுலினால் பிழைத்த பிள்ளைகள் வளர்ந்து இளைஞரானபோது, சிலருக்குக் கண் பார்வை மங்கிற்று. சிலருக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. கட்டுப்பாடு தளர்ந்ததே இதற்குக் காரணம் என்றார் அவர். அக்காலத்து மருத்துவர் சிலர் இதை ஏற்கவில்லை. இவ்வளவு கண்டிப்பு பிள்ளைகளின் மனத்தை வாட்டும், விரும்பியதை உண்ணட்டும், ஊசி போட்டால் போதும் என்று வாதிட்டனர். பிள்ளைகளின் மனம் வாடும் என்பதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு விடை கட்டுப்பாட்டை விடுவதில் இல்லை. கட்டுப்பாட்டைத் தனியாகச் சுமக்க விடாமல் இருப்பதில்தான் இருக்கிறது. முகாம்கள் காட்டிய வழி அதுவே.

நோயாளிகளை ஊக்குவிக்க ஜாஸ்லின் மேலும் ஒரு வழி கண்டார். 25 ஆண்டுகள் நீரிழிவோடு வாழ்ந்தும் கண்ணும் இரத்தக் குழாய்களும் கெடாமல் காத்துக் கொண்டவர்களுக்கு 1940களின் பிற்பகுதி முதல் வெற்றிப் பதக்கம் வழங்கினார். ஓட்டப் பந்தயத்தில் வென்றவனுக்குப் பதக்கம் உண்டு. போரில் வென்றவனுக்கும் உண்டு. தினந்தோறும் தன் உடம்போடு போராடி வென்றவனுக்கும் பதக்கம் உண்டு என்று காட்டிய பெருமை அவரைச் சேரும். பதக்கம் பெற்ற ஒவ்வொருவரும் பின்னால் வரும் பிள்ளைகளுக்கு ஓர் உயிருள்ள சான்றாக நின்றனர்.

தம் பிறந்த ஊரையும் அவர் மறக்கவில்லை. 1946, 1947ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் பொதுநலத் துறையினர் ஆக்ஸ்போர்டு மக்களைச் சோதித்தனர். 4,983 பேர் வாழ்ந்த அவ்வூரில் 3,516 பேரைச் சோதித்ததில் 70 பேருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் 40 பேர் முன்பே அறிந்தவர். மற்ற 30 பேரும் தமக்கு நோய் இருப்பதை அறியாமலேயே நடமாடிக் கொண்டிருந்தனர்! அறியாத நோயாளிகள் இவ்வளவு பேரா என்று மருத்துவ உலகம் திகைத்தது.

கட்டுப்பாடு பற்றிய வாதத்திற்குக் காலம் தீர்ப்புச் சொல்லிற்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரிடம் பத்தாண்டுகள் நடந்த பேராய்வு ஒன்றின் முடிவு 1993இல் வெளிவந்தது. சர்க்கரையை நன்கு கட்டுக்குள் வைத்திருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் பாதிப்பு மிகவும் குறைந்தது என்பது ஐயத்திற்கிடமின்றி உறுதியாயிற்று. ஜாஸ்லின் மறைந்து 31 ஆண்டுகளுக்குப் பின் அவர் வாக்கு வென்றது.

மறைவும் நிலைத்த புகழும்

முதுமையிலும் ஜாஸ்லின் ஓய்ந்திருக்கவில்லை. நோயாளிகள் தங்கி, ஒன்றாக உண்டு, ஒன்றாகக் கற்கும் போதனை மருத்துவ மனை ஒன்றை 1950களில் பாஸ்டனில் உருவாக்கினார். மகன் ஆலனும் தந்தையின் வழியிலேயே மருத்துவரானார். 1962 ஜனவரி 28ஆம் நாள், தம் 92ஆம் வயதில் ஜாஸ்லின் இயற்கை எய்தினார். 1893இல் ஓர் இளம்பெண்ணுக்காகத் திறந்த பேரேடு, அவர் மறைந்தபோது ஏறக்குறைய எழுபது ஆண்டுகளின் வரலாறாக வளர்ந்திருந்தது.

அவர் இன்சுலினைக் கண்டுபிடிக்கவில்லை. நோபல் பரிசும் பெறவில்லை. ஆனால் மருந்துக்கும் மனிதனுக்கும் இடையில் ஒரு பாலம் வேண்டும் என்று அறிந்தார். அந்தப் பாலத்தின் ஒரு தூண் கல்வி. மற்றொரு தூண் தோழமை. முதல் தூணை மருத்துவரும் ஆசிரியரும் நடலாம். இரண்டாம் தூணை நட மாணவரால்தான் முடியும்.

மாணவ நண்பர்களே! நம் ஊர்ப் பள்ளியில், நம் தம்பி தங்கையரின் வகுப்பில், பையின் அடியில் ஊசியை ஒளித்து வைத்திருக்கும் ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அந்தப் பிள்ளைக்கு நம் இரக்கம் தேவையில்லை, அறிவுரையும் வேண்டியதில்லை. மறைக்காமல் ஊசி போட்டுக்கொள்ள ஓர் இடமும், வியர்த்தால் என்னவென்று அறிந்த ஒரு நண்பனும், அதே நோயோடு நலமாக வாழும் ஒரு மூத்தவரின் அறிமுகமும் வேண்டும். இந்த மூன்றையும் தருவதற்குப் பெரிய மருத்துவமனையோ பெரும் பொருளோ தேவையில்லை. விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது நாம் படித்த பள்ளிக்கு ஒருமுறை சென்று, இதைப் பற்றி அங்குள்ள பிள்ளைகளிடம் பத்து நிமிடம் பேசினாலே தொடக்கமாகிவிடும்.